எந்த ஒலியை மீட்பது? வானொலியில் ஒலித்த ராக் கச்சேரிகளும் சீரமைப்பின் எல்லைகளும்

1. கேள்வி

1978 ஆகஸ்ட் 9 அன்று இரவு, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரிலிருந்த அகோரா அரங்கில் புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனும் அவருடைய ஈ ஸ்ட்ரீட் இசைக்குழுவும் மூன்று மணி நேரத்துக்கு நெருக்கமான கச்சேரி ஒன்றை நிகழ்த்தினர். டபிள்யூ.எம்.எம்.எஸ். என்ற பண்பலை நிலையம் தன் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக நடத்திய இலவச நிகழ்ச்சி அது. அரங்குக்குள் இடம் கிடைத்தவர்களைவிடப் பன்மடங்கு பேர் அதை வீட்டிலிருந்தே கேட்டனர். சுற்றுவட்டார மாநிலங்களின் வேறு சில நிலையங்களும் அதே நேரத்தில் அஞ்சல் செய்தன. கேட்டவர்களில் பலர் தங்கள் டேப் ரெக்கார்டர்களையும் ஓட விட்டிருந்தனர்.

அந்த ஆண்டில் ஸ்ப்ரிங்ஸ்டீனின் கச்சேரிகள் ஐந்து இப்படி நேரடியாக ஒலிபரப்பாயின: லாஸ் ஏஞ்சலிஸின் ராக்ஸி (ஜூலை 7), கிளீவ்லண்டின் அகோரா, நியூ ஜெர்சியின் பசேயிக் ஊரிலிருந்த கேப்பிட்டல் திரையரங்கு (செப்டம்பர் 19), அட்லாண்டாவின் ஃபாக்ஸ் (செப்டம்பர் 30), சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் (டிசம்பர் 15). 1986 வரை அவர் மேடைப் பதிவுத் தொகுப்பு எதையும் வெளியிடவில்லை. ஆகவே மேடைக் கலைஞர் என்ற அவருடைய புகழைச் சுமந்து சென்றவை பெருமளவில் இந்த நாடாக்களும் அவற்றிலிருந்து பிறந்த கள்ளப் பதிப்புகளும்தான். அகோரா கச்சேரி அதிகாரபூர்வமாக வெளிவர 2014 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரங்குகளில் சிலவோ நிலைக்கவில்லை. விண்டர்லாண்டும் கேப்பிட்டலும் இடிக்கப்பட்டுவிட்டன. அகோரா 1984-இல் தீவிபத்துக்குள்ளாகி வேறிடம் பெயர்ந்தது. அந்த இரவுகளின் ஒலியைப் பற்றி இன்று பேசக்கூடிய முதன்மையான பொருட்சான்று நாடாதான். அந்த நாடாவைச் சீரமைக்கக் கையில் எடுப்பவர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர் எந்த ஒலியைத் திரும்பக் கொண்டுவர முயல்கிறார்? அரங்கில் இருந்தவர் கேட்டதையா, ஒலிக்கலவை மேசையிலிருந்து கிளம்பியதையா, வானொலிப் பெட்டியில் வந்து சேர்ந்ததையா? இவை மூன்றும் வேறுவேறு ஒலிகள். இந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளாமல் செய்யப்படும் சீரமைப்பு, எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும், சான்று என்ற தகுதியை இழந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. முன்னோர் வகுத்த நெறிகள்

ஒலிச் சீரமைப்பின் நெறிகள் குறித்த விவாதம் பெரும்பாலும் கிராமபோன் தட்டுகளைச் சுற்றி வளர்ந்தது. சிராகியூஸ் பல்கலைக்கழக ஒலி ஆவணக் கூடத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டார்ம் 1980-இல் இரண்டு இலக்குகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பதிவு வெளிவந்த காலத்து மக்கள் அதை எப்படிக் கேட்டார்களோ அந்த ஒலி. மற்றொன்று, அக்காலக் கருவிகளின் குறைகளைக் கடந்து கலைஞரின் உண்மையான ஒலி. வியன்னா ஒலி ஆவணக் காப்பகத்தின் டீட்ரிஷ் ஷூல்லர் 1991-இல் இதை மேலும் நுணுக்கினார். அக்காலத்தில் கேட்கப்பட்ட ஒலிக்கும் கலைஞரின் ஒலிக்கும் நடுவே, பதிவு உருவாக்கப்பட்ட நிலை என்ற ஒரு படியை அவர் வைத்தார். பதிவு செய்தவர் வேண்டுமென்றே செய்த மாற்றங்களை அறிந்து ஈடுசெய்வது, கருவி தவறாக அமைக்கப்பட்டதால் நேர்ந்த பிழைகளை நீக்குவது ஆகிய இரண்டும் அந்தப் படியில் அடங்கும். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் ஏறத்தாழ இந்த மரபில் வந்தவை. மூலத்திலிருந்து எடுக்கும் முதற்படி எந்தத் திருத்தமும் இன்றி, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் இருக்க வேண்டும். திருத்தங்கள் எல்லாம் அதன் நகலில் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

இந்த நெறிகள் இன்றும் செல்லுபடியாகும். ஆயினும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான தட்டுக்கு ஒரே ஒரு பிறப்பிடம் உண்டு. நேரடி ஒலிபரப்புக்கு அப்படி ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. ஸ்டார்மின் இரு வகைகளையும் ஒலிபரப்புக்குப் பொருத்திப் பார்த்தால் இரண்டுமே தடுமாறுகின்றன. மக்கள் கேட்ட ஒலி என்றால் எந்த வீட்டின் பெட்டியில், எந்த ஊரின் வரவேற்பில்? கலைஞரின் ஒலி என்றால் மேடை ஒலிபெருக்கியின் அருகிலா, அரங்கின் பின்வரிசையிலா? ஷூல்லரின் நடுப்படிதான் நமக்கு உதவக்கூடியது. ஆனால் அதையும் ஒலிபரப்பின் பாதையை அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

3. மேசையிலிருந்து பெட்டி வரை

மேடையின் ஒலிவாங்கிகள் இரண்டு வழியாகப் பிரிகின்றன. ஒரு வழி அரங்கின் ஒலிபெருக்கிகளுக்குப் போகிறது; மற்றொன்று வெளியே நிற்கும் ஒலிப்பதிவு வண்டிக்கோ தனி மேசைக்கோ செல்கிறது. வானொலிக்கான கலவையை அமைப்பவர் அரங்கின் எதிரொலியை அப்படியே நம்ப முடியாது. குரலைச் சற்று முன்னே கொண்டுவருகிறார். கூட்டத்தின் ஆரவாரத்துக்கெனத் தனி ஒலிவாங்கிகளை வைத்து, பாடல் முடிந்ததும் அவற்றை ஏற்றுகிறார். முதல் இரண்டு பாடல்களில் கிதார் அடங்கிக் கிடந்து, மூன்றாவதில் திடீரென எழும்பினால், அது அவர் அந்த நிமிடத்தில் எடுத்த முடிவு. திருத்தித் திருப்பிச் செய்ய வாய்ப்பே இல்லாத வேலை அது. அந்த விரல்களின் தயக்கமும் துணிவும்கூட நிகழ்த்துதலின் ஒரு பகுதி என்று கொள்வதே நியாயம்.

மேசையிலிருந்து நிலையத்துக்கு ஒலி தொலைபேசி வழித்தடத்திலோ நுண்ணலை இணைப்பிலோ செல்கிறது. நிலையத்தில் அது அழுத்தியைச் சந்திக்கிறது. 1975-இல் ஆர்பன் நிறுவனம் வெளியிட்ட ஆப்டிமோட் 8000 போன்ற கருவிகள், மெல்லிய ஒலியை உயர்த்தி உரத்த ஒலியை அடக்கி, நிலையத்தின் குரல் காரில் செல்பவருக்கும் தடையின்றிக் கேட்கும்படி செய்தன. பிறகு வருவது பண்பலைக்கே உரிய கட்டுப்பாடு. ஸ்டீரியோ ஒலிபரப்பில் இசை ஏறக்குறைய 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இரைச்சலைக் குறைப்பதற்காக உச்ச ஸ்தாயி ஒலிகளை அனுப்புமுன் உயர்த்தி, பெட்டியில் மீண்டும் தாழ்த்துவார்கள். அமெரிக்காவில் இந்த உயர்த்தலின் அளவு 75 மைக்ரோவினாடி, ஐரோப்பாவில் 50. இப்படி உயர்த்தப்பட்ட சிம்பல் ஒலி வரம்பைத் தாண்டாதிருக்க அதை மட்டும் தனியே மடக்க வேண்டியிருந்தது. 1970-களின் வானொலி நாடாக்களில் சிம்பல்கள் மழுங்கிக் கேட்பதற்கு நாடாவை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான்.

ஒலிபரப்பே கச்சேரியின் முழு வடிவம் என்று கொள்வதற்கும் இல்லை. லெட் செப்பலின் இசைக்குழு 1971 ஏப்ரல் 1 அன்று லண்டனின் பாரிஸ் திரையரங்கில் வாசித்த கச்சேரியை, ஜான் பீல் தொகுத்து வழங்க, பி.பி.சி. மூன்று நாட்கள் கழித்து ஒலிபரப்பியது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குள் அடங்கும்படி கச்சேரி வெட்டப்பட்டிருந்தது. 1997-இல் அதிகாரபூர்வத் தொகுப்பு வந்தபோது, கச்சேரியின் இறுதியில் வரும் நீண்ட பாடல் தொடர் மீண்டும் ஒருமுறை சுருக்கப்பட்டது. இங்கே கச்சேரி ஒன்று, ஒலிபரப்பு ஒன்று, வெளியீடு ஒன்று என மூன்று வடிவங்கள் நிற்கின்றன. வெட்டப்படாத வடிவத்தைத் தேடியவர்கள் பல ஆண்டுகள் கள்ளப் பதிப்புகளையே நாட வேண்டியிருந்தது.

4. நாடாவே தரும் சாட்சியம்

சீரமைப்பவரின் முதல் வேலை கேட்பது அல்ல, விசாரிப்பது. கையிலிருக்கும் நாடா வானலையிலிருந்து பிடித்ததா, நிலையத்தின் உள்நாடாவின் நகலா? எத்தனை கை மாறியது? இதற்கு நாடாவே பதில் சொல்லும்.

பண்பலை ஸ்டீரியோவில் இடது, வலது ஒலிகளைப் பெட்டி சரியாகப் பிரித்தறிவதற்காக 19,000 ஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டு ஒலி சேர்த்து அனுப்பப்படுகிறது. காதுக்கு எட்டாத அந்த மெல்லிய கோடு, அலைவரிசை வரைபடத்தில் தெரிந்தால் நாடா வானலையிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம். அதன் பயன் அத்தோடு நிற்பதில்லை. விதிப்படி அந்த ஒலி 2 ஹெர்ட்ஸுக்கு மேல் பிறழக் கூடாது. ஆகவே நாடாவில் அது 19,190 ஹெர்ட்ஸில் தென்பட்டால், நாடா ஒரு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். ஒரு சதவீதம் அற்பமாகத் தோன்றலாம். சுருதி அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்கு ஏறுவதற்கும், மூன்று மணி நேரக் கச்சேரி இரண்டு நிமிடத்துக்கு நெருக்கமாகச் சுருங்குவதற்கும் அது போதும்.

இங்கே ஒரு வருத்தமான முரண் உண்டு. டால்பி இரைச்சல் குறைப்பைக் கொண்ட கேசட் டெக்குகளில் இந்த வழிகாட்டு ஒலி டால்பியின் கணிப்பைக் குழப்பியது. அதனால் அதை வடிகட்ட ஒரு பொத்தான் வைத்தனர். கவனத்தோடு பதிவு செய்த நேயர்கள் அந்தப் பொத்தானை அழுத்தினர். அன்று சரியாக இருந்த அந்தச் செயல் இன்று நமக்கு வேண்டிய அளவுகோலை அழித்துவிட்டது. வழிகாட்டு ஒலி பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருப்பது வினாடிக்கு ஏழரை அங்குலமோ அதற்கு மேலோ ஓடிய ரீல் நாடாக்களில்தான்.

அது இல்லாதபோது வேறு சாட்சிகளைத் தேட வேண்டும். மின்சார இரைச்சல் அமெரிக்காவில் 60, பிரிட்டனில் 50 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஈ ஸ்ட்ரீட் இசைக்குழுவின் விஷயத்தில் இசைக்கருவி ஒன்றே சாட்சியாகிறது. டேனி ஃபெடரீச்சி வாசித்த ஹாமண்ட் ஆர்கனில் ஒலியைப் பிறப்பிக்கும் சக்கரங்களை ஒத்தியங்கு மோட்டார் சுழற்றுகிறது. அந்த மோட்டாரின் வேகம் மின்வழங்கலின் அதிர்வெண்ணோடு பூட்டப்பட்டது. கிதாரைப் போல அதன் சுருதியை மேடையில் திருக முடியாது. சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி சுருதியை அசைக்கும் இடங்களை விலக்கி, ஆர்கன் தனித்து நீளும் இடங்களைத் தேர்ந்தால் அந்த இரவின் சுருதியை நம்பத்தகுந்த நெருக்கத்தில் நிறுவலாம். காதால் மட்டும் ஒத்துப் பார்த்து வேகத்தை முடிவு செய்வதைவிட இது பன்மடங்கு மேலான வழி.

இன்னொரு முறை பிளான்ஜென்ட் பிராசசஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. நாடாவில் பதியும்போது ரெக்கார்டர் சேர்க்கும் மிக உயர்ந்த சார்பலை, பொதுவாக ஒரு லட்சம் ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது, நாடாவில் மங்கலாகத் தங்கிவிடும். நாடாவைப் படிக்கும் தனிவகைத் தலைகளால் அதையும் சேர்த்துப் படித்து, அதன் நடுக்கத்தைக் கொண்டு இசையின் நடுக்கத்தைக் கணினியில் நேராக்குகிறார்கள். 2014-இல் மறுவெளியீடு கண்ட ஸ்ப்ரிங்ஸ்டீனின் தொடக்ககாலத் தொகுப்புகளுக்கு இம்முறை பயன்பட்டது. ஆயினும் ஓர் எல்லையை மறக்கக் கூடாது. நகலின் நகலில் தங்கியிருப்பது கடைசி ரெக்கார்டரின் சார்பலை மட்டுமே. முந்தைய கருவிகளின் நடுக்கம் இசைக்குள்ளேயே உறைந்துவிட்டிருக்கும். வழிகாட்டு ஒலியோ நிலையத்திலேயே பிறந்தது. அது தப்பியிருந்தால் நிலையத்துக்குப் பின் நேர்ந்த வேகப் பிழைகள் அனைத்தையும் காட்டிக்கொடுக்கும். எளிய வானொலி நேயரின் ரீல் நாடா சில நேரங்களில் நேர்த்தியான பிந்தைய நகலைவிட மதிப்புமிக்கதாவது இதனால்தான்.

நாடாவின் உடல்நிலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பெக்ஸ் 456 போன்ற அக்கால நாடாக்களின் பிணைப்புப் பசை ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். ஏறக்குறைய 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் மெல்லச் சூடாக்கினால் சிறிது காலத்துக்கு ஓட்டும் அளவுக்குத் தேறும். இது தற்காலிக மருந்துதான். அந்தக் காலத்துக்குள் படியெடுத்துவிட வேண்டும்.

5. ராக் இசை தரும் சிக்கல்

பழைய கிராமபோன் தட்டில் வயலினோ குரலோ கரகரத்தால் அது பழுது என்று உடனே சொல்லிவிடலாம். ராக் இசையில் கரகரப்பே கலை. பெருக்கியை அதன் தாங்குதிறனுக்கு மேல் தள்ளிப் பெறும் சிதைந்த கிதார் ஒலியும், வண்டியிலிருந்த மேசையில் ஒலி அளவுக்கு மீறி ஏற்றப்பட்டதால் சிதைந்த ஒலியும் அலைவடிவத்தில் நெருங்கிய உறவினர்கள். சிகரம் வெட்டுண்ட அலைகளைச் சரிசெய்யும் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. அது கிதார்க்காரர் இருபது ஆண்டுகள் தேடிக் கண்ட ஒலியையும் பழுது என்றெண்ணி வழித்துவிடும். கிதாரோடு குரலும் பறையும் ஒரே கணத்தில் உடைந்தால் பிழை மேசையிலோ அதற்கடுத்த படியிலோ நேர்ந்தது என்று கொள்ளலாம். கிதார் மட்டும் உடைந்து குரல் தெளிவாக இருந்தால் கைவைக்கக் கூடாது. இந்தத் தீர்ப்பை ஒவ்வோர் இடத்திலும் மனிதக் காதே வழங்க வேண்டும்.

வெடிப்பொலி நீக்கும் கருவிகளிடமும் இதே குறை உண்டு. ஈ ஸ்ட்ரீட் இசைக்குழுவின் மேக்ஸ் வைன்பர்க் ஸ்னேர் பறையின் விளிம்பில் அடிக்கும் அடி, மின்னியல் வெடிப்பைப் போலவே செங்குத்தாக எழுகிறது. அதே குழுவின் கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் நாதத்தின் கூர்முனைகளும் சில கருவிகளுக்குத் தூசியாகத் தெரிகின்றன.

நாடாவின் ஹிஸ் இரைச்சலை நீக்குவதில் நேரும் சேதம் இதைவிட நுட்பமானது. எனவே இதைவிட ஆபத்தானது. ஆயிரக்கணக்கானோரின் மூச்சும் முணுமுணுப்பும் கைதட்டலின் வாலும் எல்லா அதிர்வெண்களிலும் பரவிய ஒலிகள். ஹிஸ் இரைச்சலும் அத்தகையதே. மென்பொருள் ஒன்றை அகற்றும்போது மற்றதையும் கொண்டுபோகிறது. பாடல் தொடங்குமுன் ஸ்ப்ரிங்ஸ்டீன் தாழ்ந்த குரலில் கதை சொல்லும் இடங்களைக் கூர்ந்து கேட்டால் இது விளங்கும். கடுமையாகச் சுத்தப்படுத்திய பதிப்புகளில் அவர் கூட்டத்தின் நடுவே பேசவில்லை, வெற்றிடத்தில் பேசுகிறார். அந்தக் கதைகள் யாரை நோக்கிச் சொல்லப்பட்டனவோ அவர்களே பதிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டனர். என் மதிப்பீட்டில் ஹிஸ் இரைச்சலோடு வாழப் பழகுவதே நேர்மையானது. காது சில நிமிடங்களில் அதைப் பொருட்படுத்தாது விட்டுவிடும். தொலைந்த கூட்டத்தை எதுவும் திருப்பித் தராது.

6. ஒட்டுகளும் நேயரின் உரிமையும்

90 நிமிட கேசட்டில் 45-ஆவது நிமிடத்தில் பக்கம் திருப்ப வேண்டும். நீண்ட ரீலுக்கும் முடிவு உண்டு. மூன்று மணி நேரக் கச்சேரியை ஒரே நாடாவில் இடைவெளியின்றிப் பிடித்த நேயர் அரிது. ஆகவே ஒருவரின் நாடாவிலுள்ள இடைவெளியை இன்னொருவரின் நாடாவால் நிரப்புவது இத்துறையில் இயல்பான வழக்கம். அதில் குற்றமில்லை. வேகத்தையும் ஒலியின் சாயலையும் பொருத்தி, ஒட்டு தெரியாதபடி செய்வதும் கேட்பவருக்கு நல்லதே. எந்த நிமிடத்தில் எந்த மூலம் தொடங்குகிறது என்பதை எழுதி வைக்காததுதான் குற்றம். ஒட்டு காதுக்குத் தெரியாமலும் குறிப்பில் தெரிந்தும் இருக்க வேண்டும்.

நேயரின் நாடா வெறும் உதிரிப்பாகக் கிடங்கு அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பீட்டில்ஸ் 1962 மார்ச்சிலிருந்து 1965 ஜூன் வரை பி.பி.சி. வானொலியில் 88 பாடல்களை 275 முறை நிகழ்த்தினர். நிலையம் அந்த நாடாக்களில் பெரும்பகுதியை அழித்தோ மறுபயன்பாட்டுக்கு எடுத்தோ விட்டது. 1994-இலும் 2013-இலும் வந்த தொகுப்புகளுக்கு வீட்டில் பதிவு செய்தவர்களின் நாடாக்களும் கைகொடுத்தன. லெட் செப்பலின் குழு 1969-இல் பி.பி.சி.யில் அலெக்சிஸ் கார்னரின் நிகழ்ச்சிக்காக வாசித்த பாடல்களின் மூலநாடாவும் அழிந்தது. 2016-இல் விரிவாக்கப்பட்ட தொகுப்பில் அவை இடம்பெற்றது நேயர் பிடித்து வைத்த வானலைப் பதிவால்தான். அவற்றின் ஒலி தொகுப்பின் மற்றப் பாடல்களைவிட வெளிப்படையாகவே தாழ்ந்தது. ஆயினும் அது இருக்கிறது.

அறிவிப்பாளரின் குரலையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். பல அதிகாரபூர்வ வெளியீடுகளும் ரசிகர்களின் சீரமைப்புகளும் நிலைய அறிவிப்புகளை வெட்டிவிடுகின்றன. அறிவிப்பாளர் நேயரை அழைத்துவரும் அந்தச் சில வாக்கியங்கள்தான் இது கச்சேரி மட்டுமன்று, ஒலிபரப்பும் கூட என்பதற்குச் சான்று. அவற்றை நீக்கிய பதிப்பு தனியே இருக்கலாம். நீக்காத பதிப்பு கட்டாயம் காக்கப்பட வேண்டும்.

7. பிரித்தெடுக்கும் மென்பொருள்

அண்மைக்கால மாற்றம் விவாதத்தையே புதிய களத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. கலந்துபோன ஒலியிலிருந்து குரல், பறை, கிதார் என ஒவ்வொன்றையும் கணினி தனியே பிரிக்கிறது. பீட்டில்ஸின் ஹாலிவுட் பவுல் பதிவுகளில் கூட்டத்தின் அலறலுக்கு அடியிலிருந்த இசையை 2016-இல் இப்படித்தான் மேலே கொண்டுவந்தார்கள். 2023-இல் வெளியான நவ் அண்ட் தென் பாடலுக்காக ஜான் லெனனின் வீட்டு கேசட்டிலிருந்து அவருடைய குரல் பியானோவிலிருந்து பிரிக்கப்பட்டது. இரண்டும் வியக்கத்தக்க சாதனைகள்.

வானொலிக் கச்சேரிக்கு இதைப் பயன்படுத்துவோர் அந்த இரவில் வண்டிக்குள் இருந்தவரின் கலவையைக் கலைத்துத் தம் கலவையை வைக்கிறார்கள். கிதார் அடங்கியிருந்த முதல் இரண்டு பாடல்களிலும் அது எழும்பிவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது 1978-இல் எந்த இடத்திலும் ஒலிக்காத ஒலி. அரங்கில் இருந்தவர், வண்டியில் இருந்தவர், வீட்டில் இருந்தவர் ஆகிய மூவரில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அதைப் புதிய கலவை என்று வெளியிடலாம். சீரமைப்பு என்று வெளியிடக் கூடாது.

எனவே கோட்டை இப்படிப் போடலாம். யாரும் எண்ணிச் செய்யாமல் கருவி செய்த பிழைகள், அதாவது வேகம், நடுக்கம், தலையின் சாய்வு, ஒலி விடுபடல், பொருந்தாத டால்பி, திருத்தப்பட வேண்டியவை. அந்த இரவில் ஒரு மனிதர் எடுத்த முடிவுகள், அதாவது கலவை, ஆரவாரத்தின் அளவு, அறிவிப்பு, விடப்பட வேண்டியவை. நிலையத்தின் அழுத்தி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது ஒருவர் அமைத்த கருவி. ஆனால் இந்தக் கச்சேரிக்கென்று அமைத்ததல்ல. அதன் செயலைத் தலைகீழாக்க அந்த இரவின் அமைப்புகள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விரிப்பது ஊகம் மட்டுமே. ஆகையால் அதையும் விட்டுவிடுவதே சரி.

பழைய வானொலி நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவு செய்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடாவை நீங்களே சுத்தப்படுத்தாதீர்கள்; பாடலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியை எறியாதீர்கள். அறிவிப்பையும் இரைச்சலையும் சேர்த்து, எந்த வடிகட்டியும் இன்றி, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு படி எடுங்கள். எந்த நிலையம், எந்த நாள், எந்த ரெக்கார்டர், டால்பி போட்டிருந்ததா என்பதை உறையில் எழுதுங்கள். படியெடுத்த பிறகும் நாடாவைக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் பத்திரமாக வைத்திருங்கள்.